ஜட்ஜய்யா மிதிக்காத மணல்

கனவில் மட்டும் அவளுக்கு இன்னும் வாசனை வந்தது.

இன்று விடிகிற நேரத்தில் வந்தது புதுத்துணியின் வாசனை. கடையில் பிரித்துப் போட்டதும் வருமே, கொஞ்சம் கஞ்சியும் கொஞ்சம் சாயமுமாக, அந்த வாசனை. துணி விரிந்துகொண்டே போய் ஆறாக ஓடியது. அதன் கரையில் அவள் செருப்பில்லாமல் நடந்துகொண்டிருந்தாள். பிறகு யாரோ இருமினார்கள். கண்ணைத் திறந்தாள். ஜன்னல் வெளிச்சம், அலமாரி, கணவனின் முதுகு எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. வாசனை மட்டும் இல்லை.

சோப்புத் தொழிற்சாலையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'மூக்கு' என்பார்கள். மேனேஜரிலிருந்து வாசல் காவலர் வரை அப்படித்தான். அது நாளடைவில் வீட்டுக்கும் வந்துவிட்டது. ஒரு தொட்டிக் கலவையில் ரோஜா ஒரு துளி கூடினாலும் குறைந்தாலும் அவள் சொல்லிவிடுவாள். அதற்குத்தான் சம்பளம்.

போன மாதம் வந்த காய்ச்சல் போகும்போது அந்த மோப்பத்தையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. இது தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு தரப்புதான். ஒன்று அவள். இன்னொன்று, இந்தக் கதையை வாராவாரம் படித்துவரும் நீங்கள்.

அப்புறம் ஜட்ஜய்யா விஷயம். போன வாரம் அவரை மாமியாரின் புது மெத்தைமேல் கையும் களவுமாக நிற்கவைத்துவிட்டு வந்தோம். இன்று புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன், ஜட்ஜய்யா என்பது மாமியாரின் பூனை. உடம்பெல்லாம் கறுப்பு, கழுத்தில் மட்டும் வெள்ளைப் பட்டை. மீனை முகர்ந்து பார்க்கும்போதுகூட வழக்கைத் தள்ளிவைக்கிற முகம். அந்த வீட்டில் யாரும் அவரை 'அது' என்று சொல்வதில்லை.

அப்பேர்ப்பட்டவர் கொஞ்ச நாளாகக் குளியலறையில் தம் கழிப்பிடமாக இருந்த மணல் தட்டை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. முதலில் துவைக்கப் போட்ட துணிமேல் போனார். பிறகு சோபாவின் காலடியில். கடைசியில் மாமியாரின் மெத்தையில். மாமியாருக்கு முதுகுவலி. அதற்கென்றே மகன் பார்த்துப் பார்த்து வாங்கிக் கொடுத்த மெத்தை அது. இப்போது அது மாடியில் காய்கிறது, மாமியார் சோபாவில் சுருண்டு படுக்கிறார்.

"சாயங்காலம் கூண்டோட வர்றேன்" என்றான் கணவன், காலைச் சாப்பாட்டில்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். ஒரு பொருள் வேலை செய்யாவிட்டால் கழற்றி மாட்டிப் பார்ப்பான். அப்படியும் வேலை செய்யாவிட்டால் மாற்றிவிடுவான். நல்ல மனுஷன்தான். ஆனால் பூனையைக் கழற்றி மாட்ட முடியாதே.

"என் ஃப்ரெண்டோட கிடங்குல எலி ஏகப்பட்டது இருக்கும்மா. இவருக்கு ராஜ வாழ்க்கை. அவன் நல்லாப் பாத்துப்பான்."

மாமியார் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். அவர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவர். 'லைனில் காத்திருங்கள்' என்று அவர் சொன்னால் எத்தனை நேரமானாலும் காத்திருக்கலாம் போலிருக்கும், அப்படி ஒரு குரல். அந்தக் குரல் இன்று ரொட்டித்துண்டைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தது.

"நானும் எவ்வளவோ பாத்துட்டேன்" என்றான் அவன். "உடம்புல ஒரு குறையும் இல்ல, தட்டுலதான் ஏதோ பிடிக்கலன்னு டாக்டர் சொன்னாரு. தட்டுல என்ன இருக்கு? இவ தினமும் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவுறா. ஏதாவது கெட்ட வாடை மிச்சம் இருக்கான்னு அன்னிக்கே கேட்டேன். மூக்கு, நீ என்ன சொன்ன?"

"ஒரு வாசனையும் இல்லன்னு சொன்னேன்" என்றாள் அவள்.

"பாத்தியாம்மா? இந்த மூக்கே சாட்சி சொன்னதுக்கப்புறம் மேல்கோர்ட்டு ஏது? தட்டுல தப்பு இல்ல. ஜட்ஜய்யாகிட்டதான் தப்பு."

அவள் சொன்னது பொய் அல்ல. அவளுக்கு ஒரு வாசனையும் இல்லைதான். ஆனாலும் பாதி ரொட்டியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

வேலைக்குக் கிளம்பும் முன் தட்டை இன்னொரு முறை கழுவிவிடலாம் என்று குளியலறைக்குப் போனாள். அலமாரியில் ஒரே மாதிரி வெள்ளை பாட்டில்கள் வரிசையாக நின்றன. தொழிற்சாலையில் மாதிரிக்கு எடுத்து மிஞ்சியவை. ஒன்றில்கூடப் பெயர் இருக்காது. எப்போதோ மாமியார் பேனாவோடு வந்தபோது, "பாட்டில்ல பேர் எழுதுறதெல்லாம் மூக்கில்லாதவங்க வேலை அத்தை" என்று சிரித்தவள் அவள்தான். மூடியைத் திறந்தால் போதும், இது பாத்திரத்துக்கு, இது தரைக்கு என்று தானாகத் தெரிந்துவிடும். இடது ஓரத்தில் இருப்பது வாசனையே சேர்க்காத வெறும் சோப்புத் திரவம். பூனைத் தட்டுக்கு எப்போதும் அதுதான்.

அதை எடுத்தாள். இன்றைக்குக் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றினாள். தேய்த்துக் கழுவித் துடைத்தாள். புது மணலை நிரவினாள். கடற்கரையில் யாரும் நடக்காத இடம் போல அது அழகாகக் கிடந்தது.

"வாங்கய்யா. இன்னிக்கு ஒரு நாள் மனசு வைங்க" என்று கெஞ்சினாள்.

ஜட்ஜய்யா வாசல்வரை வந்தார். மூக்கை நீட்டினார். கண்களைப் பாதி மூடினார். முன்னங்காலை ஒருமுறை உதறிவிட்டு, அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

*

தொழிற்சாலையின் முகர்வு அறைக்குள் ஜன்னல் கிடையாது. வெள்ளைச் சுவர், வெள்ளை மேஜை, வெள்ளை உடுப்பு. பவுடர் பூசிக்கொண்டு வரக் கூடாது, காபி குடித்த வாயோடு வரக் கூடாது. வாசனையைத் தவிர வேறெதற்கும் அங்கே அனுமதி இல்லை. அவளுக்கோ அந்த அறையில் இப்போது எதுவுமே இல்லை. மேகத்துக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும். குரல்கள்கூடத் தூரத்திலிருந்து வரும்.

இன்று குழந்தைகள் சோப்பு. பெரிய தொட்டி. இரண்டு பேர் முகர்ந்து தலையாட்டினால் கலவை அச்சுக்குப் போகும், மறுநாள் காலையில் லாரி ஏறும்.

இரண்டாவது ஆள் கண்ணாடிக்காரி. வட்டக் கண்ணாடி போட்ட இளையவள், மூக்கிடம் வேலை பழகியவள். இந்த ஒரு மாதமாக மூக்கின் பிழைப்பு அந்தப் பெண்ணின் புருவத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. நல்ல கலவை என்றால் கண்ணாடிக்கு மேலே புருவம் மெல்ல ஏறும். கோளாறு என்றால் நடுவில் நெளியும். அதைப் பார்த்துவிட்டு இவள் தலையாட்டுவாள். வெட்கக்கேடுதான். ஆனால் வேறு வழி தெரியவில்லை.

கலவையில் நனைத்த காகிதப் பட்டையை மூக்கருகே பிடித்துக் கண்ணை மூடினாள். ஒன்றும் இல்லை. அந்த ஒன்றுமில்லாததற்குள் அவள் நினைவைக் கூப்பிட்டாள். பால் குடித்துவிட்டுத் தூங்கும் குழந்தையின் உச்சந்தலை மெல்ல வந்தது. அதன் இளஞ்சூடு வந்தது. அந்த உச்சந்தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அங்கேயே இருந்துவிடலாம் போலிருந்தது. வாசனையின் பெயர் வந்தது, வடிவம் வந்தது. வாசனை வரவில்லை.

ஒரு கண்ணைத் திறந்தாள். கண்ணாடிக்காரியின் புருவம் ஏறவும் இல்லை, நெளியவும் இல்லை. அவள் இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"என்னடி, வீட்டுல சண்டையா?"

"அதெல்லாம் இல்லக்கா." குரல் கம்மியிருந்தது. அழுதிருப்பாள் போல.

நெளியவில்லை என்றால் சரியாகத்தான் இருக்கும் என்று இவள் மெல்லத் தலையை அசைத்தாள். அந்தப் பெண்ணும் உடனே, வேகவேகமாகத் தலையாட்டினாள். தொட்டி பாஸ் ஆகிவிட்டது.

தலைவலி என்று சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டு மூக்கு சீக்கிரமே கிளம்பினாள். தெருவில் ரொட்டிக்கடையைத் தாண்டினாள். பெட்ரோல் பங்க்கைத் தாண்டினாள். மழைக்கு முந்திய காற்று ஒன்று முகத்தில் அடித்தது. எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பதைப் போல இருந்தன.

*

வீட்டில் மாமியார் தரையில் உட்கார்ந்து ஒரு சின்னப் போர்வையை மடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பீங்கான் கிண்ணம். ஜட்ஜய்யா தமக்குச் சம்பந்தமே இல்லாத வழக்கு என்பதுபோல மேஜைமேல் படுத்திருந்தார்.

"கிண்ணத்தையும் குடுத்தனுப்பிடலாம்மா. வேற கிண்ணத்துல வெச்சா சாப்பிட மாட்டாரு."

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா உங்க மகன் நிறுத்திடுவாரு அத்தை."

"என்னன்னு சொல்லுவேன்? அவன் என் முதுகுக்காகத்தானே இவ்வளவும் பண்றான்." போர்வையை மறுபடி பிரித்து மறுபடி மடித்தார். "உங்க மாமா போனதுக்கப்புறம் காலைல என் முகத்தைப் பாத்துக் குரல் கொடுக்கற ஒரே ஆள் இவர்தான். நீங்க ரெண்டு பேரும் எழுந்து வர்றதுக்குள்ள என் நாள்ல பாதி ஓடிடும். அந்தப் பாதிக்கு இவர்தான் துணை. இதை எப்படி அவன்கிட்ட சொல்றது? சின்னப்பிள்ளையாட்டம் இருக்கும்."

மூக்கு அவர் அருகில் உட்கார்ந்து கிண்ணத்தைத் துணியில் சுற்ற ஆரம்பித்தாள்.

"ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டியே?" என்றார் மாமியார்.

"கேளுங்க அத்தை."

"அந்த ஆரஞ்சு வாசனை எதுக்கும்மா?"

"எந்த ஆரஞ்சு?"

"தட்டைக் கழுவுறியே, அதுதான். குளியலறைக் கதவைத் திறந்தா கண்ணே கரிக்குது. எனக்கே மூச்சு முட்டுதுன்னா, பாவம், அவர் மூக்கு எவ்வளவு பெரிய மூக்கு! ஆனா நீ போடுறேன்னா காரணம் இல்லாம போட மாட்ட. வாசனை விஷயத்துல உனக்கு நான் சொல்றதான்னு விட்டுட்டேன்."

கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு மூக்கு எழுந்து குளியலறைக்குப் போனாள்.

இடது ஓரத்து பாட்டிலைத் திறந்து முகர்ந்தாள். ஒன்றும் இல்லை. அடுத்ததைத் திறந்தாள். ஒன்றும் இல்லை. வரிசையில் இருந்த அத்தனையையும் திறந்து பார்த்தாள். எல்லாவற்றிலும் அதே வெள்ளை, அதே அமைதி. முதல் பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்து மாமியாரின் முகத்தருகே நீட்டினாள்.

"இது என்ன வாசனை அத்தை?"

"என்ன, எனக்குப் பரீட்சையா? ஆரஞ்சுதான். நல்ல காரமான ஆரஞ்சு."

அத்தனை பாட்டில்களையும் ஒவ்வொன்றாகக் கொண்டு வந்தாள். கடைசி பாட்டிலை முகர்ந்துவிட்டு மாமியார் உதட்டைப் பிதுக்கினார். "இதுல ஒண்ணுமே இல்லையே."

"இது இடது ஓரத்துலதானே இருக்கும்? அலமாரியை யார் ஒழுங்கு பண்ணினது?"

"உனக்குக் காய்ச்சல் வந்தப்போ நான்தான் தொடைச்சு அடுக்கினேன். மாத்தி வெச்சிருந்தாலும் நீ திறந்த உடனே கண்டுபிடிச்சிடுவேன்னு..."

மாமியார் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார்.

தோட்டத்துப் பாத்தியைப் பூனை கிளறாமலிருக்க ஆரஞ்சுத் தோலைத்தான் போடுவார்கள். பூனைக்கு ஆகாத வாசனை அது. அதைத்தான் அவள் ஒரு மாதமாகத் தன் கையாலேயே தேய்த்துத் தேய்த்துப் பூசியிருக்கிறாள். உள்ளே வராதே என்று பலகை எழுதி மாட்டிவிட்டு, வாங்கய்யா வாங்கய்யா என்று கூப்பிட்டிருக்கிறாள்.

தட்டை மட்டும் மாற்றிவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததை மறைப்பானேன், நன்றாகவே வந்தது. மூக்கு போனது தெரிந்தால் தொழிற்சாலையில் அவளுக்கு நாற்காலி இல்லை. இத்தனை வருஷம் வாங்கிய பெயர் ஒரே நாளில் காற்றில் போய்விடும்.

வாசல் கதவு திறந்தது. கணவன் கூண்டோடு உள்ளே வந்தான்.

"ரெடியா? கீழே வண்டி நிக்குது."

"என்னங்க, அவரை அனுப்ப வேண்டாம். தட்டுலதான் தப்பு. வேற தட்டு வெச்சுப் பாக்கலாம்."

"மறுபடியுமா? தட்டுல ஒண்ணும் இல்லன்னு நீதானே சொன்ன? காலைலகூடச் சொன்னியே." கூண்டைக் கீழே வைத்து அதன் கதவைத் திறந்தான். "அம்மா எத்தனை நாள் சோபாவுல படுப்பாங்க? நகரு."

"தட்டுல ஆரஞ்சு வாசனைங்க."

"அது எனக்கும் தெரியும். மூத்திர வாடை தெரியாம இருக்க நீதான் வேணும்னே போடுறேன்னு நெனச்சேன்."

"எனக்குத் தெரியாது."

"என்ன தெரியாது?"

"அது ஆரஞ்சுன்னு எனக்குத் தெரியாது. எனக்கு எதுவுமே தெரியல. காய்ச்சல்லேர்ந்து எனக்கு வாசனையே வரலங்க. ரோஜாவும் வரல, சாக்கடையும் வரல. நான் சொன்ன சாட்சி செல்லாது. அவரை விட்டுடுங்க."

சொல்லிவிட்டாள். குனிந்து கூண்டின் கதவை இழுத்துச் சாத்தினாள்.

கணவன் கூண்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். "ஒரு மாசமாவா? என்கிட்டகூடச் சொல்லலியே."

"பயமா இருந்துச்சு. அங்க என் பேரே மூக்கு. அது போயிட்டா நான் யாரு?"

அவனுக்குக் கோபம் வந்ததா வருத்தம் வந்ததா என்று அவனுக்கே தெரியவில்லை. உள்ளங்கையால் முகத்தைத் தேய்த்துக்கொண்டான். முதலில் பேசியது மாமியார்தான்.

"அப்படின்னா நான் வெச்ச சூப்பு மணக்குது மணக்குதுன்னு தினமும் சொன்னியே?"

"மன்னிச்சுடுங்க அத்தை."

"அடிப்பாவி! அதை நம்பி நான் அளவைக் கூட்டி வேற வெச்சேனே!"

சொல்லிக்கொண்டே அவளை இழுத்துத் தோளோடு சேர்த்துக்கொண்டார். மூக்கு அழுதாள். அழும்போது மூக்கடைத்தது. அது மட்டும் இன்னும் ஒழுங்காக வேலை செய்தது.

பழைய தட்டு போனது போனதுதான், பிளாஸ்டிக்கில் ஏறிய வாசனை லேசில் விடாது. பரணில் அகலமான தகரத் தட்டு ஒன்று இருப்பதாக மாமியார் சொன்னார், கணவன் ஏறி எடுத்துக் கொடுத்தான். சோப்பே காட்டாமல் வெந்நீரில் மட்டும் கழுவினார்கள். குளியலறையையும் வெந்நீர் ஊற்றி அலசிவிட்டு, பிரிக்காத மூட்டையிலிருந்து மணலை எடுத்துக் கொட்டினார்கள். மாமியார் குனிந்து முகர்ந்து பார்த்துத் தீர்ப்புச் சொன்னார். "வெறும் மண்ணு."

பிறகு மூவரும் கூடத்தில் வந்து உட்கார்ந்தார்கள். கணவன் கருவிப்பெட்டியிலிருந்து மை பேனாவை எடுத்தான். அம்மா ஒவ்வொரு பாட்டிலாக முகர்ந்து சொல்ல, மகன் எழுதினான். எலுமிச்சை. ரோஜா. ஆரஞ்சு. ஒன்றும் இல்லை. மேற்கு ஜன்னல் வழியே வந்த வெயில் பாட்டில்கள்மேல் விழுந்து மஞ்சளாக நின்றது. மூக்கு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இன்றைக்கு அவளுக்கு உலகத்தில் நிறம் மட்டும்தான் மிச்சம், அதுவே போதும் போலிருந்தது.

ஜட்ஜய்யா மேஜையிலிருந்து இறங்கினார். சோம்பல் முறித்தார். யாரையும் பார்க்காமல் குளியலறைப் பக்கம் போனார்.

மூன்று பேரும் மூச்சுவிடவில்லை.

சரக். நிசப்தம். சரக், சரக். மணலை இழுத்து மூடுகிற சத்தம்.

"லைன் கிடைச்சிடுச்சு" என்றார் மாமியார், அந்தப் பழைய குரலில். கணவன் எழுந்து கூண்டை மடக்கினான்.

அப்போது மூக்கின் போன் அடித்தது. கண்ணாடிக்காரி.

"அக்கா, திட்டாதீங்க. காலைலேர்ந்து மனசு கேக்கல." குரல் இன்னும் மோசமாகக் கம்மியிருந்தது. நடுவில் ஒரு தும்மல். "எனக்கு ரெண்டு நாளா சளிக்கா. இன்னிக்கு ஒரு வாசனையும் தெரியல. நீங்கதான் இருக்கீங்களேன்னு, உங்க முகத்தைப் பாத்துத் தலையாட்டிட்டேன். நீங்க சொன்னா சரியாத்தானே இருக்கும்? சரிதானேக்கா?"

மூக்கு கண்ணை மூடினாள். குழந்தையின் உச்சந்தலை வந்தது. எத்தனையோ உச்சந்தலைகள் வந்தன, யாருமே முகராத சோப்பின் நுரையோடு.

"நீ போனை வை. நான் பாத்துக்கறேன்."

"யாரு?" என்றான் கணவன். அவள் பதில் சொல்லாமல் மேனேஜரின் எண்ணைத் தேடி அழுத்தினாள். மணி அடித்தது. மாமியார் அவள் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, போன் இல்லாத கையைப் பிடித்துக்கொண்டார். குளியலறையிலிருந்து ஜட்ஜய்யா நிதானமாக வெளியே வந்து வாசற்படியில் உட்கார்ந்தார்.

மறுமுனை எடுத்தது.

"சொல்லு, மூக்கு."